ப்ராஜெக்டில் எதிர்பார்த்த கிரேடு வரவில்லை, கைடிடம் எப்படிக் கேட்பது?

சேலத்தில் எம்.எஸ்சி தாவரவியல் முடித்திருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "ஏற்காடு காபித் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பற்றிக் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் செய்தேன். கைடு ஒவ்வொரு முறையும் 'நல்லா வந்திருக்கும்மா' என்றுதான் சொன்னார். ஓ கிரேடு வரும், போனால் போகிறது என்றால் டி பிளஸ் என்று நம்பியிருந்தேன். வந்தது அதற்கும் இரண்டு படி கீழே இருக்கும் ஏ பிளஸ். அவரிடம் காரணம் கேட்கலாமா? அவரைச் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரா? அவரிடமே பிஎச்.டி சேரும் எண்ணமும் இருக்கிறது."

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மதிப்பெண் எங்கே குறைந்தது என்பது ஒன்று. இத்தனை நாள் பாராட்டியவர் மனதில் என்னைப் பற்றி என்னதான் இருக்கிறது என்பது இன்னொன்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் கைடின் அறைக்குள் போய் முதல் கேள்வியை மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லச் சொல்ல, இரண்டாவதற்கும் பாதிப் பதில் தானாக வந்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார், வேலையைப் பற்றிப் பேச மாட்டார்.

கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். சேலம் பகுதிக் கல்லூரிகளில் பல வருடங்கள் தாவரவியல் நடத்தியவன் நான். கைடாகவும் இருந்திருக்கிறேன், பக்கத்து மாவட்டக் கல்லூரிகளுக்கு எக்ஸ்டர்னலாகவும், அதாவது வெளித் தேர்வாளராகவும், போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மதிப்பெண் பற்றி மரியாதையாகக் கேட்ட மாணவரை எந்த நல்ல ஆசிரியரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பிள்ளைகள் கேட்காமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கி, கடைசியில் அந்த ஆசிரியரைப் பார்த்தாலே விலகிப் போகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

கேட்கப் போகும் முன் அந்த மதிப்பெண்ணை யார் போட்டது என்று பாருங்கள். கைடுதான் போட்டார் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் ப்ராஜெக்ட் மதிப்பெண் ஒருவர் கையில் இருப்பதில்லை. ஒரு பங்கு கல்லூரிக்குள்ளேயே போடும் இன்டர்னல், இன்னொரு பங்கு அறிக்கைக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும். வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னலும் உள்ளே இருக்கும் ஒருவரும் உட்கார்ந்து பேசி ஒரு எண்ணுக்கு வருவார்கள். கைடு 90க்கு மேல் போட்டிருக்கலாம், எக்ஸ்டர்னல் 65 என்று நினைத்திருக்கலாம், இழுத்துப் பிடித்து 73இல் நின்றிருக்கலாம். உங்கள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உங்களுக்காக வாதாடியவரிடமே போய் "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்டுவிடும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இன்டர்னல் எவ்வளவு, எக்ஸ்டர்னல் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். இன்டர்னலில் நிறைய இருந்து எக்ஸ்டர்னலில் இறங்கியிருந்தால் கதை வேறு. இன்டர்னலே இறங்கியிருந்தால் அது வேறு கதை.

அந்த எழுத்தையும் ஒரு தரம் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் பட்டியலில் 90க்கு மேல் ஓ, 80 முதல் 89 வரை டி பிளஸ், 75 முதல் 79 வரை டி, 70 முதல் 74 வரை ஏ பிளஸ். 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு கொடுத்த மாதிரிப் பட்டியலிலோ ஓவுக்கு 10 புள்ளி, அதற்கு அடுத்த படியே ஏ பிளஸ், 9 புள்ளி. உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பட்டியலை வைத்திருக்கிறது என்பது மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கத்தில் இருக்கும். நீங்கள் டி பிளஸ் என்று சொல்வதால் முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் நடுவே இடைவெளி உண்மையானதுதான், உங்கள் ஏமாற்றமும் நியாயமானதுதான்.

சரி, பாராட்டிய கைடு இருந்தும் எப்படிக் குறையும்? கைடு உங்களைப் பார்ப்பது நீங்கள் தொடங்கிய இடத்திலிருந்து. இலையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் எது என்று திணறிய பெண், நான்கு மாதத்தில் தோட்டத்துக்குள் நடந்துகொண்டே மரங்களின் பெயர் சொல்கிறாள் என்றால் அவருக்கு அது பெரிய விஷயம். "நல்லா வந்திருக்கும்மா" என்று மனதாரத்தான் சொல்லியிருப்பார். பாதியில் விட்டுவிடக் கூடாதே என்று தட்டிக்கொடுக்கவும் சொல்லியிருப்பார். எக்ஸ்டர்னலுக்கு உங்கள் தொடக்கம் தெரியாது. மேசை மேல் இருக்கும் மற்ற அறிக்கைகளோடு வைத்துத்தான் உங்களுடையதைப் பார்ப்பார். இரண்டு பேரும் அளந்தது வேறு வேறு. அதனால் கைடு பொய் சொன்னார் என்றோ, எக்ஸ்டர்னல் அநியாயம் செய்தார் என்றோ உடனே நினைக்க வேண்டியதில்லை.

எக்ஸ்டர்னல் எப்படிப் படிப்பார் என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவும். காலையில் போய் உட்கார்ந்தால் பைண்டு செய்த அறிக்கைகள் ஒரு அடுக்கு முன்னால் இருக்கும், மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். முன்னுரையில் அதிகம் நிற்க மாட்டோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்த வரலாறு, ஏற்காடு பற்றிய அறிக்கை எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் இருக்கும். அதைப் புரட்டிவிட்டு ஆய்வுமுறைப் பகுதிக்குப் போவோம். மரங்களுக்கு 10க்கு 10 மீட்டர் குவாட்ரட் (எண்ணிப் பார்க்க அளந்து எடுக்கும் சதுரம்) போட்டேன் என்று எழுதியிருந்தால், எத்தனை போட்டீர்கள், எங்கே போட்டீர்கள், ஏன் அங்கே என்று கேட்போம். நாகலூர் ரோட்டிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம் நடக்கும் தூரத்திலேயே எல்லாக் குவாட்ரட்டும் இருந்தால், அது தோட்டத்தின் படம் இல்லை, ரோட்டோரத்தின் படம். பஸ் வசதிக்காக அப்படிச் செய்தது எங்களுக்கும் புரியும். ஆனால் அதை அறிக்கையில் ஒரு வரி ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாரா என்று தேடுவோம்.

அப்புறம் கணக்கு. ஒரு எஸ்டேட்டில் 12 குவாட்ரட், இன்னொன்றில் அனுமதி சீக்கிரம் முடிந்துவிட்டதால் 5. இரண்டுக்கும் இனப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு போட்டு, முதல் எஸ்டேட்டில்தான் பன்மை அதிகம் என்று முடிவுரை எழுதியிருப்பார்கள். அதிக இடத்தில் தேடினால் அதிக இனங்கள் கிடைக்கத்தான் செய்யும். அந்த ஒரே அட்டவணையில் பத்து மதிப்பெண் போய்விடும், ஏனென்றால் முடிவுரை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. இன்னொன்று, எல்லா நிழல் மரத்தையும் ஒரே தட்டில் வைப்பது. சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மிளகுக் கொடி ஏற்றவும் பின்னால் வெட்டி விற்கவும் வரிசையாக நடுவது. பழைய காட்டிலிருந்து விட்டுவைத்த அத்தி வகைகள் அப்படி இல்லை. நட்டதையும் நின்றதையும் பிரிக்காமல் "45 மர இனங்கள் உள்ளன" என்று முடித்தால், அடுத்த கேள்விக்கு மாணவரிடம் பதில் இருக்காது. இனத்தை எப்படி உறுதி செய்தீர்கள் என்று கேட்டால் பலர் செல்போனைக் காட்டுகிறார்கள். உலர்த்தி ஒட்டிய மாதிரி இருக்கிறதா, அதற்கு எண் இருக்கிறதா, கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் உலர்தாவரகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, இதெல்லாம் எக்ஸ்டர்னல் கேட்கும் சாதாரணக் கேள்விகள். அதே நிறுவனத்துக்கு ஏற்காட்டிலேயே ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மலைக்கு இத்தனை தடவை போய்விட்டு அங்கே ஒரு தரம் எட்டிப் பார்க்காமல் வரும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

உங்கள் அறிக்கையில் இந்தக் குறைகள் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை, அதை நான் பார்க்கவில்லை. ஆனால் கைடைப் பார்க்கப் போகும் முன் ஒரு நாள் உட்கார்ந்து, யாரோ எழுதிய அறிக்கை என்று நினைத்து, இந்தக் கண்ணோடு உங்கள் பிரதியைப் படியுங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் எந்தப் பக்கத்தில் நின்றார், எந்தக் கேள்விக்கு நீங்கள் தடுமாறினீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடலாம்.

கேட்கும் விதத்துக்கு வருகிறேன். போனிலோ வாட்ஸ்அப்பிலோ காரணம் கேட்காதீர்கள். நேரம் மட்டும் கேளுங்கள். "வணக்கம் சார். ரிசல்ட் பார்த்தேன், ப்ராஜெக்டில் ஏ பிளஸ் வந்திருக்கிறது. எந்தெந்த இடத்தில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் டிபார்ட்மென்ட் வந்து பார்க்கலாமா சார்?" இவ்வளவு போதும். எதிர்பார்த்த கிரேடு இதில் இல்லை, யார் மேலும் பழி இல்லை, ஆனால் எதற்காக வருகிறீர்கள் என்பது ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. சும்மா பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மதிப்பெண் பேச்சை எடுத்தால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

போகும்போது பைண்டு செய்த உங்கள் பிரதியை எடுத்துப் போய் மேசை மேல் வையுங்கள். அது கண் முன்னால் இருந்தால் பேச்சு தானாகவே அதன் பக்கம் திரும்பும். "சார், வைவாவில் இந்த அட்டவணையைப் பற்றிக் கேட்டார்கள், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், அதுதான் காரணமா?" என்று நீங்களே ஓர் இடத்தைக் காட்டித் தொடங்குங்கள். வெறுமனே "ஏன் சார் குறைந்தது?" என்று கேட்டால், "எக்ஸ்டர்னல் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்மா" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார், நீங்களும் எழுந்து வந்துவிடுவீர்கள். பக்கத்தைக் காட்டிக் கேட்டால் அவரும் பக்கத்தைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளாத இடத்தில் "சார், அதற்கான விளக்கம் 32ஆம் பக்கத்தில் கொடுத்திருந்தேன், அது போதவில்லையா?" என்று கேட்பதில் தவறே இல்லை. கடைசியாக, "இதைக் கட்டுரையாக அனுப்ப வேண்டும் என்றால் எதைத் திருத்த வேண்டும் சார்?" என்று கேளுங்கள். மதிப்பெண் பற்றி வாய் திறக்காத ஆசிரியர்கள்கூட இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவார்கள். உங்கள் வேலையை அவர் உண்மையில் எப்படி மதிக்கிறார் என்பது அந்தப் பேச்சில் தெரிந்துவிடும்.

தோழியின் கிரேடை அங்கே இழுக்க வேண்டாம். "அவளுக்கு மட்டும் ஓ வந்திருக்கிறதே" என்று சொன்ன நிமிடமே பேச்சு உங்கள் அறிக்கையை விட்டுப் போய்விடும், மூன்றாவது ஒருத்தியின் மதிப்பெண்ணைப் பற்றி அவர் உங்களிடம் பேசவும் முடியாது. அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதும், வேறு ஆசிரியரை விட்டுச் சொல்லச் சொல்வதும் வேண்டாம். முதுகலை முடித்த நீங்கள் தனியாகப் போய்ப் பேசுவதுதான் மரியாதை.

இதெல்லாம் தரத்தைப் பற்றிய பேச்சு. எண்ணே தப்பாக ஏறியிருந்தால் வழி வேறு. பல துறைகளில் இன்டர்னல் மதிப்பெண்ணை மாணவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஏற்றுவார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட எண்ணும் பட்டியலில் வந்த எண்ணும் வேறாக இருந்தால், அது விவாதம் இல்லை, திருத்தம். அன்றைக்கே கைடிடம் சொல்லிவிட்டு, துறைத்தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்குக் கொடுக்கும் அவகாசம் ரொம்பக் குறைவு. கைடுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்து கடைசித் தேதியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். கைடைப் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், தேதியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ப்ராஜெக்ட், வைவா இரண்டுக்கும் மறுமதிப்பீடு கிடையாது என்று பல இடங்களில் விதியிலேயே எழுதியிருக்கும். விதியில் இடம் இல்லையென்றால் மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே மகாராஷ்டிர வாரிய வழக்கில் சொல்லிவிட்டது.

தகவல் உரிமைச் சட்டத்தில் போடு என்று யாராவது சொல்வார்கள். திருத்திய விடைத்தாளைத் தேர்வு எழுதியவர் பார்க்கலாம் என்று 2011இல் சி.பி.எஸ்.இ வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மை. திருத்தியவர் யார் என்ற பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை என்று 2016இல் கேரளத் தேர்வாணைய வழக்கில் தீர்ப்பு வந்ததும் உண்மை. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. ஆனால் எழுத்துத் தேர்வின் விடைத்தாளில் கேள்விக்குக் கேள்வி மதிப்பெண் இருக்கும். வைவா தாளில் பெரும்பாலும் மொத்த எண்ணும் இரண்டு கையெழுத்தும்தான். அதைக் கையில் வாங்கினாலும் "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. கைடோடு உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம் அதைவிட அதிகம் சொல்லும்.

சாதி பார்த்தோ, வேறு ஏதாவது பாகுபாட்டாலோ, நீங்கள் ஏதோ ஒன்றுக்கு இணங்காததாலோ குறைத்தார்கள் என்று சந்தேகிக்க ஆதாரம் இருந்தால், மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அவர் அறைக்குத் தனியாகப் போகவே வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதன் முடிவில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வெறுமனே மறுமதிப்பீடு கேட்டால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ இருந்தால் எடுத்துக்கொள்வார். பாலியல் தொல்லை என்றால் அதற்குத் தனியாக உள்புகார்க் குழு இருக்கிறது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. இதே சந்தேகத்தோடு படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பிஎச்.டி பற்றி. முதுகலையில் மொத்தம் 55 சதவீதம், சில பிரிவினருக்கு 50, இதுதான் தகுதி. ஒரு ப்ராஜெக்டில் வந்த ஏ பிளஸ் அந்தக் கதவை மூடாது. 2024 முதல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணையும் பிஎச்.டி சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், கவலைப்படும் நேரத்தை அதற்குப் படிப்பதில் செலவழிக்கலாம். உங்கள் கைடிடம் இடம் இருக்கிறதா என்பதையும் அதே சந்திப்பின் கடைசியில் கேட்டுவிடுங்கள். மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் 4 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், பேராசிரியர் 8 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். அவருக்கு ஆசை இருந்தும் இடம் இல்லாமல் போகலாம்.

இந்தச் சந்திப்பில் நீங்களும் அவரைக் கவனியுங்கள். பிஎச்.டி என்றால் குறைந்தது மூன்று வருடம், ஆறு வருடம் வரை போகலாம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் நின்று குறைகளைக் கேட்டு வர வேண்டும், அப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போவது அவர்தான். நீங்கள் காட்டிய பக்கத்தைப் புரட்டி, "ஆமாம்மா, இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்கணும்" என்றோ, "இல்லம்மா, இங்கே நீதான் அவசரப்பட்டுட்டே" என்றோ நேராகச் சொல்பவராக இருந்தால் தைரியமாகச் சேருங்கள். ஒரு எம்.எஸ்சி மதிப்பெண்ணைப் பணிவாகக் கேட்டதற்கே முகம் சிவப்பவராக இருந்தால், சேலத்திலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் வேறு கைடுகள் இருக்கிறார்கள், விண்ணப்பம் போடும் முன் அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

செய்தி அனுப்பி ஒரு வாரம் ஆகியும் பதில் வரவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். ரிசல்ட் சமயத்தில் சேர்க்கை வேலையும் சேர்ந்துகொள்ளும், அவர் பார்த்துவிட்டு மறந்திருப்பார். மதியம் மூன்று மணிக்கு மேல் டிபார்ட்மென்டில் கூட்டம் குறைந்திருக்கும். அப்போது நேரில் போய், "சார், மெசேஜ் போட்டிருந்தேன், இப்ப பேசலாமா, இல்ல வேற நாள் வரட்டுமா?" என்று கேளுங்கள்.